பல்கலைக்கழக ரேடியோகிராஃபி ஆய்வகத்தில் நுழைவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் எக்ஸ்ரே அறை இருக்கிறது. மெஷின் வேலை செய்கிறது. உங்கள் கையில் ஆய்வுத் தலைப்பும் இருக்கிறது. ஆனாலும் அந்த அறைக்குள் போய் முதல் எக்ஸ்போஷர் (ஒருமுறை கதிர் செலுத்திப் படமெடுப்பது) கொடுக்க மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது. தாமதம் மெஷினால் வருவதில்லை, அதற்கு முன்னால் வேண்டிய காகிதங்களால் வருகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் தன் படிவத்தைப் பற்றி மட்டும் சொல்லும். ஆய்வு நெறிமுறையைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி அலுவலகம் தன்னுடையதை மட்டும் சொல்லும். எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்ற முழு வரிசையைச் சொல்ல எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. மேசை மேசையாகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதை, இனி வருபவர்கள் அலையக் கூடாது என்று இங்கே எழுதுகிறேன்.

இரண்டு தரப்பினருக்கு இது பயன்படும்: ரேடியோகிராஃபி பட்டப்படிப்பில் சேர்ந்து பயிற்சிக்குப் போகப் போகிறவர்கள், முதுகலை அல்லது முனைவர் பட்ட ஆய்வுக்காக மெஷின் நேரம் வேண்டுபவர்கள். முதல் மூன்று படிகள் இருவருக்கும் பொது.

1. எந்த அறை, யாருடைய பொறுப்பு?

‘ரேடியோகிராஃபி லேப்’ என்ற ஒரே பெயருக்குள் பல அறைகள் அடங்கும். கதிர் வெளிவரும் எக்ஸ்ரே அறை, கதிர் இல்லாமல் பொசிஷனிங் (உடலைப் படத்துக்கு ஏற்ப நிறுத்துவது) மட்டும் பழகும் அறை, கணினியிலோ வி.ஆர். கருவியிலோ பழகும் சிமுலேஷன் அறை, படங்களை உட்கார்ந்து மதிப்பிடும் வியூயிங் அறை, அல்ட்ராசவுண்ட் அறை, ஃபாண்டம்களும் (உடலுக்குப் பதிலாகக் கதிரில் வைக்கும் மாதிரிப் பொருள்கள்) டோசிமீட்டர்களும் (கதிர் அளவைக் காட்டும் கருவிகள்) வைத்திருக்கும் ஸ்டோர். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கட்டடத்தில் இருக்காது. இணைந்த மருத்துவமனையில் இருக்கும். நோயாளிகள் முடிந்த பிறகு, மாலையிலோ வார இறுதியிலோதான் ஆய்வுக்குக் கிடைக்கும்.

உங்கள் ஆய்வுக்கு எந்த அறை, எந்தக் கருவி, எந்த ஃபாண்டம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு லேப் டெக்னீஷியனைப் போய்ப் பாருங்கள். நெறியாளரைவிட முதலில் இவரைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. எந்த டிடெக்டர் (கதிரை வாங்கிப் படமாக்கும் பலகை) பழுதாகிக் கிடக்கிறது, எந்த ஃபாண்டம் வேறு துறைக்கு இரவலாகப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்க வேண்டியவை இவை: எக்ஸ்ரே ட்யூபில் கதிர் வருமா, அல்லது பொசிஷனிங்குக்கு மட்டுமா? படங்களை டைகாம் கோப்பாக (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்) வெளியே எடுக்க முடியுமா? ஆட்டோமேட்டிக் எக்ஸ்போஷர் கன்ட்ரோல் (போதிய கதிர் கிடைத்ததும் தானாக நிறுத்தும் அமைப்பு) இருக்கிறதா? டி.ஏ.பி. மீட்டர் (கதிர் அளவையும் அது விழும் பரப்பையும் சேர்த்துக் காட்டும் கருவி) பொருத்தியிருக்கிறதா? கடைசியாகத் தரச்சோதனை செய்தது எப்போது?

படத்தை வெளியே எடுக்கும் கேள்வியை மறந்துவிடாதீர்கள். சில பயிற்சி அறைகளில் படம் திரையில் தெரியும், அதோடு சரி. ஏற்றுமதிக்கு வழி இருக்காது, அல்லது சுருக்கப்பட்ட ஜேபெக் படமாக மட்டும் வரும். படத்தரத்தை அளக்கும் ஆய்வுக்கு ஜேபெக் உதவாது.

2. மெதுவாக நகரும் காகிதங்களை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றப் போகிறீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். சில ஆவணங்களைப் பணம் கட்டியோ கெஞ்சியோ விரைவுபடுத்த முடியாது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அதில் முதலாவது. வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசிகள்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி அளவைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 10 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு கிடைத்ததாகக் கொள்வார்கள். மொத்தத்தில் ஏழெட்டு மாதம் ஆகும். மருத்துவமனைப் பயிற்சி இரண்டாம் பருவத்தில்தானே என்று விட்டுவைத்தவர்கள் அந்தப் பருவத்தையே இழக்கலாம். சிறு வயதில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுங்கள். அட்டை கிடைக்காவிட்டால் நேராக ஆன்டிபாடி பரிசோதனைக்குப் போங்கள். அளவு போதுமானதாக இருந்தால், மறுபடி ஊசி தேவையா என்று பயிற்சி அலுவலகத்தில் அந்த முடிவைக் காட்டிக் கேளுங்கள்.

தட்டம்மை, சின்னம்மை எதிர்ப்புச் சான்று, காசநோய்ப் பரிசோதனை, காவல்துறை நன்னடத்தைச் சான்று, அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்று ஆகியவற்றையும் பல மருத்துவமனைகள் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. நன்னடத்தைச் சான்றை மிக முன்னதாக வாங்கிவிட்டால், பயிற்சி தொடங்கும்போது அது செல்லாமல் போகலாம். எது எத்தனை மாதம் செல்லும் என்று பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அதற்கேற்ப ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பியுங்கள்.

இதற்கு முன் வேறு இடத்தில் கதிர்வீச்சுப் பணியில் இருந்திருந்தால் பழைய டோஸ் (உடல் வாங்கிய கதிர் அளவு) பதிவேட்டின் நகல் வேண்டும். பழைய நிறுவனத்துக்கு உடனே கடிதம் அனுப்புங்கள். பதிவேட்டைத் தேடி எடுத்து, கையெழுத்திட்டு அனுப்ப அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

3. பாதுகாப்புப் பயிற்சியும் பேட்ஜும்

கதிர் வரும் அறைக்குள் போக மூன்று வேண்டும்: பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, அந்த அறைக்கான உள்விதிகளைப் படித்துக் கையெழுத்திட்ட தாள், உங்கள் பெயருக்கு வந்த டோசிமீட்டர் பேட்ஜ். பயிற்சி அரை நாளில் முடியும். ஆனால் பல இடங்களில் பருவத் தொடக்கத்தில் மட்டுமே நடத்துவார்கள். தவறவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். பேட்ஜ் வெளி நிறுவனத்திலிருந்து வருவது. மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ மொத்தமாக மாற்றுவார்கள். அந்தச் சுற்று தொடங்கிய மறுநாள் உங்கள் பெயரைக் கொடுத்தால், அடுத்த சுற்றில்தான் வரும். எனவே முதலில் கேட்க வேண்டியது, ‘அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுக்கக் கடைசித் தேதி எது?’ என்பதுதான்.

பேட்ஜ் வந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில. உடம்பில், நெஞ்சு உயரத்தில், முன்பக்கம் தெரிய அணியுங்கள். லெட் ஏப்ரன் (ஈய மேலாடை) போட்டால் பேட்ஜ் அதற்கு உள்ளே இருக்க வேண்டும். இரண்டு பேட்ஜ் கொடுத்திருந்தால் மற்றது கழுத்துப் பட்டைக்கு வெளியே. ஏப்ரனிலேயே குத்தி, ஏப்ரனை எக்ஸ்ரே அறைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவதுதான் நான் அதிகம் பார்த்த தவறான பழக்கம். நாள் முழுக்க நடக்கும் எக்ஸ்போஷர்களின் சிதறல் கதிர் அந்தப் பேட்ஜில் விழும். மாத இறுதியில் உங்கள் பெயரில் வாங்காத டோஸ் ஒன்று பதிவாகும். பிறகு விசாரணை, விளக்கக் கடிதம், அது முடியும்வரை அறைக்குள் அனுமதி இல்லை. ஃபாண்டம் மேல் வைத்து டோஸ் பார்க்கவும் அதைப் பயன்படுத்தாதீர்கள். அது உங்கள் உடலுக்கு மட்டும் உரியது.

வரம்புகள் நினைவில் இருக்கட்டும். சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் பணியாளர்களுக்குப் பரிந்துரைப்பது, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் டோஸின் அலகு). எந்தத் தனி ஆண்டிலும் 50ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். பயிற்சிக்காகக் கதிர் அறையில் இருக்கும் 16 முதல் 18 வயது மாணவர்களுக்குச் சர்வதேச அடிப்படைத் தரநிலைகளில் ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட். ஆய்வுக்கூட வேலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று எக்ஸ்போஷர் கொடுக்கும் ஒருவர் இந்த வரம்புகளின் பக்கமே போக மாட்டார். பேட்ஜில் எண் ஏறினால், எங்கோ முறை தவறியிருக்கிறது என்று பொருள்.

கர்ப்பமாக இருப்பதை அறிவித்தால் மீதமுள்ள கர்ப்பக் காலத்தில் கருவுக்கு வரும் டோஸ் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி பணி மாற்றித் தர வேண்டும். அறிவிப்பது உங்கள் முடிவு. ஆனால் தெரிந்தவுடன் எழுத்தில் கொடுத்தால்தான் ஏற்பாடு தொடங்கும். படிப்பு கெட்டுவிடும் என்று மறைக்காதீர்கள். சிமுலேஷன், வியூயிங் அறை, தரவுப் பகுப்பாய்வு என்று வேலையை மாற்றி அமைக்க நிறைய வழி இருக்கிறது.

4. எதிக்ஸ் கமிட்டி

மெஷின் நேரம் கேட்கும்போது லேப் பொறுப்பாளர்கள் முதலில் கேட்பது அனுமதிக் கடிதத்தின் எண்ணைத்தான். அதனால் இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்காகவோ படம் எப்படி வருகிறது என்று பார்க்கவோ எந்த மனிதர் மீதும் எக்ஸ்ரே கொடுக்கக் கூடாது. உங்கள் கை மீதும் கூடாது, நண்பர் தானாக முன்வந்தாலும் கூடாது. மருத்துவக் காரணமோ அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுத் திட்டமோ இல்லாத எக்ஸ்போஷர் பாதுகாப்பு விதிகளை மீறுவது. அது உங்கள் பட்டத்தை மட்டுமல்ல, அந்த அறையின் உரிமத்தையே பாதிக்கும்.

இனி உங்கள் ஆய்வு எந்த வகை என்று பாருங்கள்.

ஃபாண்டம் மட்டும் வைத்துச் செய்வது. மனிதர் யாரும் இல்லை என்பதால் கமிட்டியின் முழுப் பரிசீலனை தேவைப்படாது. ஆனால் ‘தேவையில்லை’ என்று நெறியாளர் வாயால் சொன்னது போதாது. விலக்குக் கடிதம் ஒன்றைக் கமிட்டியிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுரையை இதழுக்கு அனுப்பும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். ஆய்வு முடிந்த பிறகு பின்தேதியிட்டு எந்தக் கமிட்டியும் தராது.

இங்கேதான் பெரிய பொறி. ஃபாண்டம் படங்களை எடுத்து, அவற்றை ரேடியோகிராஃபர்களிடமும் ரேடியாலஜிஸ்டுகளிடமும் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்கிறீர்கள் என்றால், அவர்கள் உங்கள் ஆய்வில் பங்கேற்கும் மனிதர்கள். அவர்களுக்குத் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் வேண்டும். விண்ணப்பம் விலக்கு வகையிலிருந்து வேறு வகைக்கு மாறும். ‘என்னுடையது ஃபாண்டம் ஆய்வுதானே’ என்று நினைப்பவர்கள் கடைசிக் கட்டத்தில் இதில் சிக்கிக்கொள்கிறார்கள்.

மருத்துவமனையில் ஏற்கெனவே எடுத்த படங்களைப் பயன்படுத்துவது. பல்கலைக்கழகக் கமிட்டி, மருத்துவமனைக் கமிட்டி என இரண்டு அனுமதி வேண்டியிருக்கலாம். எது முதலில் என்று கேளுங்கள். ஒன்று மற்றொன்றின் கடிதத்தை இணைக்கச் சொல்லும். படங்களை யார் அடையாளம் நீக்கித் தருவார்கள் என்பதையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். நோயாளி பெயரை மட்டும் அழித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். டைகாம் கோப்பில் பிறந்த தேதி, பதிவு எண், பரிந்துரைத்த மருத்துவர் பெயர், தேதி, நேரம், மெஷின் நிறுவனமே சேர்க்கும் தனிப்பட்ட டேக்குகள் (கோப்புக்குள் இருக்கும் தகவல் கட்டங்கள்) என்று பல இடங்களில் அடையாளம் ஒளிந்திருக்கும். அல்ட்ராசவுண்ட் படத்தில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கும். டேக்கை அழித்தாலும் அது போகாது, அந்தப் பகுதியையே மறைக்க வேண்டும். தலை சி.டி.யில் மெல்லிய துண்டுகள் இருந்தால் அதிலிருந்து முகத்தையே மீட்டெடுத்துவிடலாம். டைகாம் தரநிலையின் 15ஆம் பகுதியில் எந்த டேக்கை என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. விண்ணப்பத்தில் அதைப் பின்பற்றுவோம் என்று குறிப்பிட்டால் கமிட்டியிடமிருந்து வரும் கேள்விகள் குறையும்.

நோயாளிகளையோ தன்னார்வலர்களையோ சேர்ப்பது. கமிட்டியின் முழுப் பரிசீலனை நடக்கும். கூடுதல் கதிர் இருந்தால் மருத்துவ இயற்பியலாளர் கையெழுத்திட்ட டோஸ் மதிப்பீடு வேண்டும். முதல் நாளே அவரை அணுகுங்கள். அவரிடம் எப்போதும் பல வேலைகள் காத்திருக்கும்.

அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே இல்லை. அதனால் மாணவர்கள் ஒருவரையொருவர் ஸ்கேன் செய்து பழகுவது பல இடங்களில் வழக்கம். அதற்கும் எழுத்து ஒப்புதல் வேண்டும். காரணம், எதிர்பாராத கண்டுபிடிப்பு. இருபது வயது நண்பரின் சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிந்தால் என்ன செய்வீர்கள்? யாரிடம் சொல்வது, யார் மறுபடி பார்ப்பது, அவருக்கு எப்படித் தெரிவிப்பது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். இதைச் சடங்காக எழுதாதீர்கள். ஒருவருடைய வாழ்க்கை சம்பந்தப்பட்டது. எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் ஒவ்வொருவரும், கூட வருபவரும், ஒவ்வொரு முறையும் பாதுகாப்புக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அந்த மெஷினில் உள்ள காந்தம் அணைவதில்லை.

கமிட்டிகள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும். கூட்டத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். முதல் முறையிலேயே முழு அனுமதி வருவது அரிது. திருத்தம் கேட்டு ஒரு சுற்று வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

5. நேரம் பதிவு செய்வதற்கு முன் ஒரு கணக்கு

‘இரண்டு நாள் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். எக்ஸ்போஷர்களை எண்ணிக் காட்டுங்கள். உதாரணமாக நான்கு கே.வி.பி. (ட்யூபின் மின்னழுத்தம்) அளவுகள், மூன்று எம்.ஏ.எஸ். (ட்யூபின் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) அளவுகள், கிரிட் (சிதறல் கதிரைத் தடுக்கும் தகடு) வைத்தும் வைக்காமலும், ஒவ்வொன்றும் ஐந்து முறை: 120 எக்ஸ்போஷர். அளவை மாற்றுவது, எக்ஸ்போஷர், படம் வரக் காத்திருப்பது, டோஸ் குறிப்பது என்று ஒன்றுக்கு மூன்று நிமிடம் வைத்தால் ஆறு மணி நேரம். அதோடு ட்யூப் சூடேற்றம், ஃபாண்டம் அமைப்பு, அதிக அளவுகளில் ட்யூப் ஆற விடும் நேரம், கடைசியில் படங்களை நகலெடுப்பது. ஒரே நாளில் முடிக்கலாம் என்று தோன்றினாலும் இரண்டு நாள் கேளுங்கள். ஒரே அமைப்பில் முடிக்க வேண்டிய அளவீட்டுத் தொகுதியை மட்டும் பாதியில் நிறுத்தி மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். ஃபாண்டத்தைத் திரும்ப அதே இடத்தில் வைப்பது கடினம்.

அதற்கு முன் ஒரு மணி நேர முன்னோட்டத்துக்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள். எந்த அளவில் டிடெக்டர் நிறைவடைந்து படம் கெடுகிறது, டோஸ் மீட்டர் மிகக் குறைந்த அளவையும் படிக்கிறதா என்று இதில் தெரிந்துவிடும்.

தவிர்க்க வேண்டிய வாரங்கள்: செய்முறைத் தேர்வு நடக்கும் வாரம், மெஷின் சர்வீஸ் வாரம், சர்வீஸுக்கு அடுத்த சில நாட்கள். சர்வீஸில் மென்பொருள் மாறினாலோ டிடெக்டர் மறு அளவீடு நடந்தாலோ, அதற்கு முன் எடுத்த படங்களோடு பின் எடுத்தவற்றை ஒப்பிட முடியாது. உங்கள் தொடர் முழுவதும் இரண்டு சர்வீஸுக்கு இடையில் முடிய வேண்டும்.

6. செலவு எங்கெல்லாம் வரும்

பல்கலைக்கழக வசதி என்றால் இலவசம் என்று நினைத்து வருகிறார்கள். மெஷின் நேரம் உள் மாணவர்களுக்கு இலவசமாக இருக்கலாம். ஆனால் மாலை நேரத்தில் கூட இருக்க வேண்டிய ரேடியோகிராஃபரின் கூடுதல் நேர ஊதியம் யார் கணக்கில்? இதை முதலிலேயே கேளுங்கள். பல ஆய்வுகளில் மிகப் பெரிய செலவே இதுதான்.

கட்டண விகிதம் பொதுவாக மூன்று அடுக்கு: சொந்தத் துறை, வேறு துறை, வெளியார். நீங்கள் வேறு துறையில் பதிவு செய்திருந்தால், ரேடியோகிராஃபி துறையிலிருந்து இணை நெறியாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது கட்டணத்தைக் குறைக்கலாம். ஆய்வின் தரத்துக்கும் அது நல்லது. மணிக்கணக்கில் கட்டணம் என்றால், அறைக்குள் நுழைந்த நேரத்திலிருந்தா, முதல் எக்ஸ்போஷரிலிருந்தா என்று பாருங்கள். ரத்து செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதும் படிவத்தின் அடியில் இருக்கும்.

மனித உருவ ஃபாண்டங்கள் விலை மிக அதிகம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகவே முன்பணமோ காப்பீடோ கேட்பார்கள். தேவையில்லாதபோது அதைக் கேட்காதீர்கள். அளவுகளின் போக்கை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு அக்ரிலிக் பலகைகளும் அலுமினியப் படிக்கட்டு ஆப்பும் (படிப்படியாகத் தடிப்பு கூடும் துண்டு) போதும். அவை ஸ்டோரிலேயே கிடைக்கும்.

டி.எல்.டி. சில்லுகள் (வாங்கிய கதிரைச் சேர்த்து வைத்து, சூடாக்கும்போது ஒளியாக வெளிவிடுபவை) வைத்து டோஸ் அளப்பதாக இருந்தால் படிக்கும் கட்டணத்தோடு நேரத்தையும் கணக்கில் எடுங்கள். வழக்கமான லித்தியம் ஃப்ளோரைடு சில்லுகளை ஒவ்வொரு பயன்பாட்டுக்கு முன்பும் 400 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரமும், 100 டிகிரியில் இரண்டு மணி நேரமும் சூடாக்கிப் பழைய பதிவை அழிப்பார்கள். ஆற விடுவதையும் சேர்த்தால் ஒரு தொகுதிக்கு ஒரு நாள் போய்விடும். பின்னணிக் கதிரைக் கழிக்க, எக்ஸ்போஷர் கொடுக்காத சில சில்லுகளும் தனியாக வேண்டும்.

மற்றவை: எதிக்ஸ் விண்ணப்பக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைகள், சீருடை, படத்தில் பக்கத்தைக் காட்டும் பெயரெழுத்துள்ள இடது வலது மார்க்கர்கள், தொலைந்த பேட்ஜுக்கான அபராதம், வெளியூர்ப் பயிற்சி என்றால் தங்குமிடமும் பயணமும். மென்பொருளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. படங்களைப் பார்க்க, அளக்க, சேமிக்க உதவும் இமேஜ்ஜே, 3டி ஸ்லைசர், ஆர்த்தாங்க் எல்லாம் இலவசம். மாணவர் ஆய்வுக்குத் தாராளமாகப் போதும்.

7. அறைக்குள் முதல் நாள்

உள்ளே போனதும் தரச்சோதனைப் பதிவேட்டைக் கேட்டு, கடைசிச் சோதனை முடிவுகளைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். டோஸ் மீட்டரின் அளவீட்டுச் சான்றிலும் தேதியைப் பாருங்கள். காலாவதியான சான்றோடு எடுத்த எண்களை மதிப்பீட்டாளர்கள் ஏற்க மாட்டார்கள்.

ட்யூபைக் கையேட்டில் உள்ளபடி சூடேற்றிய பிறகு, ட்யூபிலிருந்து டிடெக்டர் வரை உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். திரையில் 100 செ.மீ. என்று காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கதிர் குறைவதால், 100க்குப் பதில் 103 இருந்தாலே டோஸ் சுமார் 6 சதவீதம் குறைந்துவிடும். ஃபாண்டத்தின் நான்கு ஓரங்களையும் மேசையில் ஒட்டுப் பட்டையால் குறியுங்கள். ஆனோடு (ட்யூபின் நேர்மின் முனை) பக்கம் எது என்று ட்யூபின் மேல் குறித்திருக்கும். அந்தப் பக்கம் கதிர் பலவீனமாக இருக்கும் என்பதால் ஃபாண்டத்தை எந்தத் திசையில் வைத்தீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

டிடெக்டருக்குக் கிடைத்த கதிரைக் காட்டும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் என்ற எண்ணை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஒப்பிடாதீர்கள். பழைய கருவிகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனி அளவுகோல் வைத்திருந்தது. சிலவற்றில் டோஸ் கூடினால் எண் குறையும். 2008இல் வந்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 62494-1 தரநிலை இதைப் பொதுவாக்கியது. அதன்படி டோஸ் இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும். இலக்கிலிருந்து விலகலைக் காட்டும் டீவியேஷன் இன்டெக்ஸில் +3 என்றால் இலக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு, −3 என்றால் பாதி. உங்கள் மெஷின் எந்த முறையைக் காட்டுகிறது என்று கையேட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

படங்களை மெருகூட்டப்படாத வடிவில் எடுக்க முடிந்தால் இரண்டு வடிவிலும் சேமியுங்கள். மெஷின் தானாகச் செய்யும் மெருகூட்டல், டோஸ் குறைந்த படத்தையும் நன்றாகத் தெரியும்படி காட்டும். கண்ணால் பார்த்து மதிப்பிட அது பரவாயில்லை. நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்), கான்ட்ராஸ்ட் (வெளிர், கருமை வேறுபாடு) போன்றவற்றை எண்ணாக அளக்கும்போது முடிவே மாறிவிடும். அறையை விட்டுக் கிளம்பும் முன் கோப்புகளை உங்கள் கணினியில் திறந்து எண்ணிப் பாருங்கள். பயிற்சி மெஷின்களில் சேமிப்பு நிறைந்தால் பழையவை தானாக அழியும்.

8. படங்களை மதிப்பிடுபவர்களின் நேரம்

ஆய்வு மாணவர்கள் பலரும் கணக்கில் எடுக்காதது இது. 120 படங்கள், படத்துக்கு ஐந்து அளவுகோல், அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் என்றால் ஒருவருக்கு இரண்டு மணி நேரம். ஒரே அமர்வில் கொடுத்தால் கண் சோர்ந்து மதிப்பெண் தடம் மாறும். இரண்டு மூன்று அமர்வாகப் பிரியுங்கள். வரிசையைக் கலைத்துக் கொடுங்கள். நிலைத்தன்மை பார்க்க ஒரு பகுதியைச் சில வாரம் கழித்து மறுபடி காட்டுங்கள். பணியில் இருப்பவர்களிடம் இவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

படங்களை மடிக்கணினியில் காட்டாதீர்கள். டைகாம் சாம்பல் நிற அளவுகோலுக்கு ஏற்ப அளவீடு செய்த மானிட்டர், மங்கலான அறை வெளிச்சம், இரண்டையும் குறித்துக்கொண்டால்தான் அந்த மதிப்பெண்களுக்கு மதிப்பு. வியூயிங் அறையை எக்ஸ்ரே அறையோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். பருவ இறுதியில் அதுவும் கிடைக்காது.

9. மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

லாக்புக்கில் கையெழுத்து அன்றன்றே வாங்குங்கள். வார இறுதியில் மொத்தமாக வாங்கலாம் என்றால், அந்த சீனியர் ரேடியோகிராஃபர் இரவுப் பணிக்கு மாறியிருப்பார். திரும்ப எடுத்த படங்களையும் காரணத்தோடு பதியுங்கள். மறைத்தால் கற்றுக்கொள்ள முடியாது. எந்தத் தேர்வாளரும் அதற்காகக் குறை சொல்லி நான் பார்த்ததில்லை. லாக்புக்கில் நோயாளி பெயர் எழுதக் கூடாது. பரிசோதனை, தேதி, உங்கள் பங்கு மட்டும் போதும். எந்தப் பரிசோதனையில் எத்தனை வேண்டும் என்ற பட்டியலை முதல் வாரமே பொறுப்பாளரிடம் காட்டுங்கள். குழந்தைகள், அறுவை அரங்கம், மொபைல் எக்ஸ்ரே ஆகிய மூன்றும் கடைசியில் குறைவாக நிற்கும். அதற்கான சுழற்சியை முன்பே கேட்டு வாங்குங்கள்.

10. முடித்துக் கிளம்பும்போது

பேட்ஜைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். கடைசிச் சுற்றின் டோஸ் அறிக்கை நீங்கள் போன பிறகுதான் வரும். அதை அனுப்ப நிரந்தர முகவரி ஒன்றை எழுதிக் கொடுங்கள். ஃபாண்டங்களை ஸ்டோர் பதிவேட்டில் திரும்ப ஏற்றியதற்கு ரசீது வாங்குங்கள். இது இல்லாமல் நிலுவையின்மைச் சான்று தர மாட்டார்கள்.

உங்கள் படங்கள் பல்கலைக்கழகக் கணக்கில்தான் இருக்கின்றன என்றால், அந்தக் கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும் என்று ஐ.டி. பிரிவில் கேளுங்கள். எதிக்ஸ் அனுமதியில் எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்று எழுதினீர்களோ அத்தனை ஆண்டும் அவை யார் பொறுப்பில் எங்கே இருக்கும் என்று நெறியாளரோடு பேசி, ஒரு பக்கக் குறிப்பில் இருவரும் கையெழுத்திடுங்கள். நோயாளி படங்களைச் சொந்தப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கணக்கு மூடும் முன்பே அவற்றை நெறியாளர் பெயரில் உள்ள பகிர்வு இடத்துக்கு மாற்றி, மாற்றிய கோப்புகள் திறக்கின்றனவா என்று அவர் கணினியிலேயே ஒருமுறை சரிபாருங்கள்.